பசிக்குதுன்னு சொல்லலாமா?

என்னங்க,

நேற்று உங்கள் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. அமைச்சரைப் பற்றி மேடையில் நீங்கள் அடித்த ஜோக்கை அரசு வக்கீல் மளிகைச் சீட்டு படிப்பதுபோல் வாசித்தார். அப்படியும் கோர்ட்டே சிரித்துவிட்டது. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்மணிக்குப் புரையேறியது. நீதிபதிகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு நம் வக்கீலைப் பார்த்து, "அரசியல் சட்டம் பேச்சுரிமை குடுத்திருக்கு, அதுக்கு எல்லையும் போட்டிருக்கு. இனிமே மேடை ஏறமாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, விட்டுடறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்துத் தொலையுங்கள் என்று கெஞ்சத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். என் வேலை என்னாயிற்று, வீட்டு ஓனர் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்காதீர்கள். சமாளிக்கிறேன்.

சின்னவளைத்தான் சமாளிக்க முடியவில்லை. வாயாலதான் உங்கப்பா உள்ளே போனார் என்று பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வாயாடி இப்போது எதைப் பேசுவதற்கு முன்னாலும் என் முகத்தைப் பார்க்கிறாள். இன்று காலை அடுப்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, பசிக்குதுன்னு சொல்லலாமா?"

எழுதிக் கொடுக்காதீர்கள். எப்படியாவது வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோர்ட்டில் சிரிக்காமல் நின்ற ஒருத்தி