லைஃப் ஜாக்கெட் அளவு

பெரியவனே,

அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்காதே. காலையெல்லாம் துடுப்புப் போட்டதில் எழுத்து கோணுகிறது, அவ்வளவுதான்.

உன் அம்மா அலைச்சறுக்குப் பலகையிலிருந்து விழுந்து, உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னொரு தடவை" என்று அடம்பிடிக்கிறாள். உன் தங்கை கண்ணுக்கெட்டாத தூரம் நீந்திப் போகிறாள்; நான் கரையில் நின்று கத்துகிறேன்.

மதியம் ரப்பர் படகுச் சவாரிக்குப் போனோம். ஐந்து பேர் உட்கார்ந்தால்தான் சாயாதாம். "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களா சார்?" என்றான் படகுக்காரன்.

"பையனும் மருமகளும் பின்னால வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே.

"மருமக ஒல்லியா, குண்டா சார்? லைஃப் ஜாக்கெட் எடுத்து வைக்கணும்."

அவன் நீட்டிய இரண்டு ஜாக்கெட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பையன் கல்யாணத்துக்கே போகாதவருக்கு அதெல்லாம் எப்படிப்பா தெரியும்?" என்றாள் உன் அம்மா, கடலைப் பார்த்தபடி.

வேறு யாரோ இருவரை ஏற்றிக்கொண்டு போனோம். எல்லோரும் அலறிச் சிரித்தார்கள். நான் அந்த இருவரின் ஜாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த விடுமுறைக்கும் இங்கேயே அறை சொல்லிவைத்துவிட்டேன், ஐந்து பேருக்கு. ஜாக்கெட் அளவை மருமகளையே ஒரு வரி எழுதச் சொல். நீச்சல் தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம் என்று சொல். எனக்கும் தெரியாது.

அப்பா