கண் டாக்டருக்குக் கட்டிய சோறு

ஆவணி, செவ்வாய் இரவு.

பெரிய பேரன் சிங்கப்பூரில் வாத்தியார். சின்னவன் கோலாலம்பூரில் கணக்கெழுதும் கிராணி. பேத்தி நர்ஸுக்குப் படிக்கிறாள். எனக்குத் துணைக்கு வரத்தான் ஆளில்லை.

மாதம் ஒருமுறை பகாவ் ஆஸ்பத்திரிக்கு வரும் கண் டாக்டரைப் பார்க்க இன்று கிளம்பினேன். நம்பர் வாங்கிக் காத்திருக்க நேரமாகுமே என்று சோறு கட்டிக்கொண்டேன். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமலிருக்க எங்கள் குடியிருப்பைச் சுற்றிப் போட்ட முள்வேலி கேட்டில் காவல்காரன் பொட்டலத்தைப் பிரித்தான்.

"காட்டுல ஒளிஞ்சிருக்கறவனுக்கா, ஆயா? சோறு வெளிய போகக் கூடாதுலா!"

"என் கத்தரிக்காய்க் குழம்புக்கா அவன் துப்பாக்கி தூக்கினான்? எனக்குத்தான்டா!"

சிரித்தான். விசாரித்து என்னை வெளியே விடுவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது நம்பர் முடிந்திருந்தது. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

இடது கண் போய்விட்டது. வலது கண் அதுவரை தாங்குமோ என்னவோ. பிள்ளைகளுக்கு எழுத வேண்டும்: மூவரும் சேர்ந்து புதுப் படம் ஒன்று எடுத்து, முகம் பெரிதாகத் தெரியும்படி, உடனே தபாலில் அனுப்புங்கள்.