மாத்திரை டாக்டரம்மா

3.8.1981, திங்கள்

ராசாத்திக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, உடையார்பாளையம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கடைசியில் நாலு வெள்ளை மாத்திரை! "பாதிப் பாதியா ஒடச்சுக் குடுங்க. ஈரத்துணியால தொடச்சு விடுங்க. தண்ணி நெறைய குடுங்க."

"ஊசி போடலீங்களா?" என்றேன்.

"வைரஸ் காய்ச்சலும்மா. ஊசிக்கு அடங்காது. இப்ப சீசன் வேற சரியில்ல. யார் சொன்னாலும் புள்ளைக்கு இடுப்புல ஊசி போட்டுடாதீங்க."

சீசனாம், சீசன்! மாம்பழத்துக்குத்தான் சீசன். ஊசிக்குமா? பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அவருக்குப் பேரே வைத்துவிட்டார்கள், மாத்திரை டாக்டரம்மா என்று. இரண்டரை வயதுப் பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது. ஒரு ஊசி போட இந்த அம்மாவுக்குக் கை வலிக்கிறது.

4.8, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆண்டாயி எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், படிச்சவங்க மாத்திரைய நம்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" சுருக்கென்றது.

சாயங்காலம் கம்பவுண்டர் வீரமுத்து வீட்டுக்குப் போனேன். ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவர்கூடத் தயங்கினார். "நாளைக்கு ஒரு நா பாத்துட்டுப் போடலாமே டீச்சர்?" நான் விடவில்லை. "இப்பவே போடுங்க" என்றேன். இடது பக்கம் போட்டார். ராசாத்தி வீறிட்டாள். நான்தான் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

5.8, புதன்

காய்ச்சல் போயே போய்விட்டது. ஊசி என்றால் ஊசிதான். டாக்டரம்மாவுக்கு நறுக்கென்று ஒரு கடிதம் எழுதலாமா என்று இருக்கிறது.

7.8, வெள்ளி

காலையில் தொட்டிலிலிருந்து இறக்கி விட்டேன். நிற்கவில்லை. இடது கால் துணி மாதிரி மடங்குகிறது. விளையாட்டுக் காட்டுகிறாள் என்று அதட்டினேன்.

அதட்டினேனே, பாவி.

10.8, திங்கள். திருச்சி ஆஸ்பத்திரி

இளம்பிள்ளை வாதம்.

வாரம் ஒருமுறை மட்டும் வீட்டுக்கு வரும் இவர், சிமெண்ட் ஆலையில் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார். இங்கே உள்ள டாக்டரின் முதல் கேள்வியே, "ஊசி போட்டீங்களா?" என்பதுதான். அந்தக் கிருமி உடம்பில் இருக்கும்போது சதையில் ஊசி குத்தினால் குத்தின காலையே பிடித்துக்கொள்ளுமாம். காய்ச்சல் ஊசியே இல்லாமல் தானாகப் போயிருக்குமாம்.

"போடலன்னா தப்பிச்சிருக்குமா?" என்றேன்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. தப்பிச்சிருக்கலாம். சொட்டு மருந்து குடுத்தீங்களா?"

என்ன சொட்டு மருந்து? எங்க ஊருக்கு யாரு கொண்டாந்தா? ஓட்டுக் கேக்க மட்டும் ஜீப்பு வரத் தெரியுது, சொட்டு மருந்துக்கு வழி தெரியலியா? அந்த வீரமுத்துவை விட மாட்டேன். போலீசில் எழுதிக் கொடுத்து உள்ளே தள்ளாமல் ஓயமாட்டேன்.

19.8, புதன்

ஊர் திரும்பியாயிற்று. புகார் எழுத உட்கார்ந்தேன். தேதி சரியாக இருக்க வேண்டுமே என்று இந்த நோட்டைப் புரட்டினேன்.

மூன்றாம் தேதி. "யார் சொன்னாலும் புள்ளைக்கு இடுப்புல ஊசி போட்டுடாதீங்க." என் கையெழுத்து. ஒரு பிழை இல்லை.

நான்காம் தேதி. "இப்பவே போடுங்க."

புகாரைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

20.8, வியாழன்

"அந்த டாக்டரம்மா ஒண்ணுமே சொல்லலியா?" என்று லீவு முடிந்து கிளம்பும்போது இவர் கேட்டார்.

"சொல்லல" என்றேன்.

2.9, புதன்

வகுப்பில் ஒரு பிள்ளை நொண்டியாட்டம் ஆடியது. அடித்துவிட்டேன். அது என்ன செய்யும்? எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

20.9, ஞாயிறு

ஆண்டாயியின் மகள் குஞ்சுவுக்குக் காய்ச்சல். தோளில் போட்டுக்கொண்டு வீரமுத்து வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் ராசாத்தியோடு ஓடிப்போய்த் தெருவை மறித்து நின்றேன். ஊசி வேண்டாம் என்றேன். கெஞ்சினேன்.

"ஒங்க புள்ள நடக்கலன்னு எம்புள்ளையும் காச்சல்ல கெடக்கணுமா டீச்சர்?"

அவ்வளவுதான், எனக்கு வெறி வந்துவிட்டது. "வேணாம்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்கடி! நான்தான் கேக்கல! கம்பவுண்டரு தயங்குனாரு, நான்தான் போடச் சொன்னேன்! நான்தான் இந்தக் காலப் புடிச்சுக்கிட்டேன்!"

தெருவே பார்த்தது. திரும்பினேன். வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

ஆண்டாயி என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள். நான் மாத்திரையும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். திட்டட்டும்.

27.9, ஞாயிறு

குஞ்சுவுக்குக் காய்ச்சல் இறங்கி நாலு நாள் ஆகிறது. ஆண்டாயி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவரும் நேற்று வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. எண்ணெய் தடவி ராசாத்தியின் காலை நீவிவிட்டார், அவளோடு மட்டும் பேசினார்.

டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி எழுத நினைத்த கடிதம் அல்ல. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் வந்து தாய்மார்களிடம் பேசச் சொல்லி. பக்கத்தில் உட்கார நான் இருக்கிறேன், நடந்ததை நானே சொல்கிறேன் என்றும் எழுதினேன்.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது குஞ்சு எங்களைத் தாண்டி ஓடினாள். ராசாத்தி என் இடுப்பில் இருந்தபடியே கைதட்டினாள். "ஓடு குஞ்சு, ஓடு" என்றாள்.