கண் சரியில்லை என்றாய்

இன்று மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது உன் மூக்குக்கண்ணாடி கையில் சிக்கியது. தூக்கிக் குப்பையில் போடத்தான் முதலில் தோன்றியது. அவ்வளவு கோபம் உன் மேல். செத்துப்போனவளைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

ஹெப்பாள் பட்டறையில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் சென்சார் செய்கிறோம். சுண்டுவிரல் நுனி அளவுதான். பிளாட்டினக் கம்பியின் முனையில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டு, அதன் மேல் வெங்காயச் சருகைவிட மெல்லிய படலத்தை இழுத்துப் போர்த்தி, ரப்பர் வளையம் மாட்டவேண்டும். அதுவரை மூச்சு விடக்கூடாது. மூச்சுக்காற்று பட்டால் படலத்தில் சுருக்கம் விழும், உள்ளே குமிழ் நிற்கும், சென்சார் பொய் சொல்லும். நீயோ ஒன்றை முடித்து அடுத்ததையும் தொட்டுவிட்டுத்தான் மூச்சை விடுவாய். "ஹனூர் கெணத்துல முங்கி வளந்தவ நானு, புள்ள" என்று பீற்றிக்கொள்வாய்.

அப்படிப்பட்டவளின் சென்சாரில் சுருக்கம் விழத் தொடங்கியது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "கண்ணு சரியாத் தெரியமாட்டேங்குது புள்ள, நீயே படலம் போட்டுரு" என்றாய். இந்த வேலையில் எல்லாருக்கும் முதலில் கெடுவது கண்தான். நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். பலகையில் இருந்த எழுத்தைத் தப்புத் தப்பாகப் படித்தாய். அவர்கள் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினமும் தலைவலியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

உன் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. வேண்டுமென்றே தப்பாகப் படித்திருக்கிறாய், பாவி! மூச்சைத்தான் உன்னால் அடக்க முடியவில்லை. இதயம் வீங்கிப்போயிருந்தது. மாடி ஏறவே முடியவில்லை என்று கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் உன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாய். "சொன்னா வேலைய விட்டு நிறுத்திப்போடுவாங்க" என்று அழுதாயாம். யாரடி நிறுத்துவது, நான் உட்கார்ந்திருக்கும்போது? உன் படலத்தையும் சேர்த்து நான்தானே போட்டுக்கொண்டிருந்தேன்! குமிழ் இருக்கும் சென்சாரை நான் பெட்டியில் வைத்தால் கையைத் தட்டிவிடுவாயே, என்னிடம் மட்டும் எப்படி இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னாய்?

உன் நாற்காலியில் இப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வரும் கன்னடக்காரப் பெண் ஒருத்தி. போன வாரம், "கண்ணு மஞ்சாகுத்தே அக்கா", மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணைக் கசக்கினாள். கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு அவளை மாடிப்படி ஏறி இறங்க வைத்தேன். பட்டறையே வேடிக்கை பார்த்தது. ஏறினாள், இறங்கினாள், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. நிஜமாகவே கண்தான்.

நாளானால் கோபம் ஆறிவிடும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். ஆறவேண்டாம். ஆறிப்போனால் அடுத்தவள் சொல்வதையும் நம்பிவிடுவேன்.