வாசல் கதவில் ஒட்டிய சீட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, உன் அப்பாவைத் தவிர என்றும் சேர்த்துக்கொள்.

குட்டி போனில் இங்கிலீஷில் ஏதோ கேட்டதற்கு அவர் எஸ் எஸ் என்று தலையாட்டியதும், அவள் கத்தரிக்கோலை எடுத்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு, தாத்தாதான் எஸ் சொன்னார் என்று சாதித்ததும் நீ மறந்திருக்க மாட்டாய். அன்றிலிருந்து அவளிடம் நீ போனையே கொடுப்பதில்லை. உன் கோபம் நியாயம்தான், ஆனால் மனுஷன் இடிந்துபோய்விட்டார். மருந்துக்கடையில் முப்பது வருஷம் நின்றவர், வாயில் நுழையாத மருந்துப் பெயரெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, நாலு வயசுப் பிள்ளை கேட்டது மட்டும் புரியவில்லை. அதனால் கடைப் பழக்கத்தையே கையில் எடுத்தார். வீட்டுச் சாமான் ஒன்றுவிடாமல் இங்கிலீஷ் பெயரை எழுதிச் சீட்டு ஒட்டி, கீழே வேளையும் போட்டுவிட்டார். நாற்காலியில் சேர், காலை ஒன்று இரவு ஒன்று. வாளியில் பக்கெட், மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். மதியம் கை கழுவியதும் வாளி முன்னால் போய் நிற்கிறார், பக்கெட் என்கிறார், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார். வெறும் வயிற்றில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். என் முதுகில் ஒட்டியது தெரியாமல் நான் தையல்கடை வரை போய்வந்தேன். ஒய்ஃப், வலி இருந்தால் மட்டும் என்று எழுதியிருந்ததாம். தையல்காரர் சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்துவிட்டது.

சாமானுக்குச் சரி, கம், கோ, இதையெல்லாம் எதில் ஒட்டுவீங்க என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். மறுநாளே வாசல் கதவின் வெளிப்பக்கம் வா என்பதற்கு கம், உள்பக்கம் போ என்பதற்கு கோ. மீட்டர் பார்ப்பவர், பேப்பர் போடுபவர், எதிர்வீட்டைத் தேடி வந்த ஒரு குடும்பம், எல்லோரும் படித்துவிட்டு நேரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உன் பெரிய அத்தை மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்பக்கச் சீட்டைப் படித்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எஸ் என்றாலே இப்போது அவருக்குப் பயம். டீ வேணுமா என்றாலும் நோ, வேண்டாமா என்றாலும் நோ. குட்டி இனி எதைக் கேட்டாலும் அவள் முடிக்கு ஆபத்தில்லை, தைரியமாக அவள் கையில் போனைக் கொடு. வீடு முழுக்க நடந்து சீட்டுகளை அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறாராம், நாலு நாளாக வாளியோடு ஒத்திகை நடக்கிறது. உனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் அவருக்கு இதைச் செய்துகொடு கண்ணு, எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

அத்தைக்காக அந்த இரண்டு சீட்டையும் உரித்துவிடுங்கள் என்றேன். உள்பக்கத்து கோ சீட்டை உரித்துவிட்டார், வெளிப்பக்கத்துச் சீட்டில் கைவைக்க விடவில்லை. தெருவே படித்துவிட்டு வந்துவிட்டது, வர வேண்டியவர்கள் இன்னும் படிக்கவில்லை, அதுவரை இருக்கட்டும் என்கிறார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். கத்தரிக்கோலை உயரத்தில் வை. ஞாயிற்றுக்கிழமை குட்டியோடு போன் பேச மறந்துவிடாதே, அவர் சாப்பிட்ட பிறகு கூப்பிடு.

இப்படிக்கு,
முதுகில் சீட்டோடு உன் அம்மா