பேசக் கூடாத பத்து நாள்

அன்புள்ள வெல்டன்,

உன் முழங்கால் வலி தேவலையா? நம் நாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? நான் நலம். ஃபோன் செய்யவில்லை என்று கோபிக்காதே, காரணம் இருக்கிறது.

சனிக்கிழமை நெப்ராஸ்கா திருவிழாவில் பாடும்போது, உச்சத்துக்குப் போன இடத்தில் குரலே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. பிடில் வாசிக்கும் ஆர்வில் அந்த வரியை அப்படியே வில்லில் இழுத்துவிட்டான். ஜனங்கள் பாட்டே அப்படித்தான் என்று கைதட்டினார்கள். உன்னிடம் மறைத்துவிட்டேன், இரண்டு வாரமாகவே கரகரப்பு. தொண்டையில் கட்டி, இனி பாட்டே இல்லை என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

நேற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. வீக்கம்தான். பத்து நாள் வாயத் தொறக்காதீங்க, போதும்" என்றார். வெளியே வந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டே சிரித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் இன்று, நம் குழு ஊர் ஊராகப் போகும் பஸ்ஸில் இருக்கும் அடுப்பில் சோளரொட்டி சுடப் போனேன். நான் இரும்புச் சட்டியில் கொழுப்பை உருக்குவதற்குள், டிரம்ஸ் அடிக்கும் சிகாகோக்காரன் லைல் மாவில் சர்க்கரையைக் கொட்டிவிட்டான்! நம் ஊர் ரொட்டியில் சர்க்கரை போட்டால் அது கேக்தானே? கத்தவும் முடியாமல் கரண்டியால் சட்டியில் ஓங்கி அடித்தேன். "அக்காவுக்கு இப்பத்தான் தாளம் சரியா விழுது" என்கிறான், படவா.

நம் ஊர் வெள்ளைச் சோளமாவு இரண்டு பை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நீ ரொட்டி சுடும்போது எனக்கு ஃபோன் போட்டு அடுப்புப் பக்கத்தில் வை. நீ பேசக்கூட வேண்டாம். சூடான சட்டியில் மாவு சுர்ரென்று விழும் சத்தம் கேட்டால் போதும்.

பஸ் கிளம்புகிறது. பதினோராம் நாள் முதல் வார்த்தையை ஆர்விலுக்குக்கூடத் தரமாட்டேன். அது உனக்குத்தான், அன்று காலையில் ஃபோனை எடு.

உன்
மேவிஸ்