தலையாட்டும் சேவல்கள்

செஞ்சி
2-7-1965

மெட்ராஸில் பொம்மைக்கடை வைத்திருக்கும் என் தம்பி நேமிராஜுக்கு, அக்கா அனந்தமதி எழுதுவது. நீயும் உன் மனைவி பத்மினியும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தை நீ விசாரிக்க வேண்டாம்.

நான் தைத்த சேவல்களை நீ வெட்டுவதற்கு விற்றுவிட்டாய். மழுப்பாதே. வெட்டிய தலை ஒன்று இதை எழுதும்போதே என் மடியில் கிடக்கிறது.

சித்திரையில் வந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "மெட்ராஸ் புள்ளைங்க தலையாட்டுற சேவல்தான் கேக்குதுங்க, அக்கா. கழுத்துல லேசா ஒரு ஓட்டுத் தையல் போதும். உள்ள சலங்கை வைக்க சின்னதா ஒரு பை வெச்சுடு" என்றாய். குழந்தைகள் பொம்மையைக் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்கும், அங்கேதான் தையல் இறுக வேண்டும் என்று உன்னோடு வாதாடினேன். "காலம் மாறிடுச்சுக்கா" என்று சிரித்தாய். சலங்கையை மெட்ராஸில் நீயே வைத்துக்கொள்வதாகச் சொல்லி மூட்டை கட்டிப் போனாய். மூட்டை மெட்ராஸைப் பார்க்கவே இல்லை. அனந்தபுரத்து வியாபாரி கோவிந்தசாமி கடையில் இறங்கிவிட்டது.

எனக்கு இதைச் சொன்னவள் விறகு கொண்டுவரும் அம்மாக்கண்ணு. அவள் தாய்வீடு வல்லத்துக்குப் பக்கத்தில். அந்த ஊர் எல்லைச்சாமிக்கு இனி உயிர்க்கோழி அறுக்கக் கூடாதென்று தடை வந்துவிட்டதாம். அதனால் இந்த வருஷம் துணிச்சேவல். நான் வைத்த பையில் சலங்கையா வைத்தார்கள்? குங்குமத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்திருக்கிறார்கள். கத்தி பட்டதும் சிவப்பாக வடிய வேண்டுமே, அதற்கு. தலையை முந்தானையில் முடிந்து எடுத்துவந்து, "இன்னாம்மா, உன் கைவேலைதானே இது? அம்சமா தைச்சிருக்க. ஒரே வெட்டு, தல தனியா வந்துட்டுது" என்று மெச்சிக்கொண்டு நின்றாள் அவள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், "துணிதானே, வுடும்மா" என்றாள்.

துணியால் ஒரு உயிர் தப்பியதே என்று நீயும் வாதம் செய்வாய். அதையும் கேட்டுவிட்டேன். "சாமிக்குத் துணிக்கோழி, எங்களுக்கு நெசக்கோழி. அன்னிக்கு ஊரெல்லாம் கொழம்பு வாசனைதான்" என்கிறாள். ஒரு சேவலும் தப்பவில்லை, நேமிராஜ். என் சேவல்களும் சேர்ந்து செத்தன.

நம் சமண வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்றுதான் வயிறு எரிகிறது. சிறுவயதில் உனக்கு யாரோ சர்க்கரை யானை ஒன்று கொடுத்தார்கள். நீ கடிக்கப் போனாய். உருவம் என்று தெரிந்தே கடித்தால் உயிரைக் கடித்ததுதான் என்று நைனா அதை வாங்கி மாடத்தில் வைத்தார். மழைக்காலத்தில் அது தானாகக் கரைந்து போயிற்று. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து அழுதாய். ஆனால் கடிக்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கே போனான்?

பட்டுப்பூச்சியைக் கொன்றெடுத்த நூல் என்பதால் சேவல் கொண்டைக்குக்கூட நான் பட்டு வைத்ததில்லை. தையல்காரர் கன்னியப்பன் தரும் சிவப்புப் பருத்தித் துண்டுதான். உள்ளே இலவம்பஞ்சு. இறக்கை, வால் எல்லாம் தைத்து, பஞ்சு திணித்த திறப்பையும் மூடிய பிறகே கண் தைப்பேன். கண் வந்துவிட்டால் அப்புறம் அதன்மேல் என் ஊசி படாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தையலையே யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டிருப்பதை எப்படிக் குத்துவது? இந்தத் தலையும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

நேற்று பஸ் ஏறி அனந்தபுரம் போனேன். மீதிச் சேவல்கள் கோவிந்தசாமி கடையில் கயிற்றில் தொங்குகின்றன, ஆடித் திருவிழாவுக்காக. கொடு என்று கேட்டேன். "சரக்கு உங்க தம்பியோடதும்மா. அவர் வந்து சொன்னா ஒடனே எறக்கித் தரேன்" என்றான். நான் தைத்தவற்றுக்கு நான் யாரோவாகிவிட்டேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஆகவே, ஆடி பிறப்பதற்குள் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நீ புறப்பட்டு நேரே அனந்தபுரத்தில் இறங்கு. பார்சல் போடுகிறேன், ஆள் அனுப்புகிறேன் என்று கடிதம் எழுதாதே. கோவிந்தசாமி உன் கண்ணெதிரில் அத்தனையையும் கயிற்றிலிருந்து இறக்க வேண்டும். இவை வெட்டுவதற்குச் செய்தவை அல்ல என்று அவனிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். பத்மினிக்கு இதில் பங்கிருக்காது என்று நம்புகிறேன். உன் கடையில் இருக்கும் என் முயல்களையும் யானைகளையும் அவள் எடுத்து உள்ளே வைக்கட்டும். நான் சொல்லாமல் ஒன்றும் விற்கக் கூடாது. அம்மாக்கண்ணு தாய்வீட்டுக்குப் போய்த் தலையில்லாத உடல்களையும் மற்றத் தலைகளையும் பொறுக்கி வரச் சம்மதித்திருக்கிறாள்.

கழுத்தை நான் இறுகத் தைப்பேன். ஆனால் அதற்கு முன் கண்ணைப் பிரித்தாக வேண்டும். வைத்த கண்ணை நான் பிரிக்கமாட்டேன். அதை நீதான் செய்ய வேண்டும், என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்து. பிறகு கண்ணை நான் மறுபடி வைப்பேன்.

பொழுதோடு வந்து சேர். விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டில் சோறில்லை என்பதையாவது நீ மறந்திருக்கமாட்டாய். உனக்கும் சேர்த்தே உலை வைப்பேன்.

கோபம் தீராத உன் அக்கா,
அனந்தமதி